கொடுத்ததை எண்ணுவதா, மாறியதை எண்ணுவதா?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், உயர்தர வணிகப் பிரிவின் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். உயர்தர வணிகப் பிரிவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மற்றவர் தைத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் நிருவாகப் பிரிவில் நீண்டகாலம் இருந்தவர். மூன்றாமவர் கணக்காய்வாளர். மேடையில் வாசிப்பவர் ஒருவரானாலும் பேசுவது மூவரும் என்பதால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொள்கிறோம்.

"உலக அபிவிருத்தியில் வணிக நிறுவனங்களின் பங்கும் அதன் சமூகப் பயனை அளவிடுதலும்" என்பது செயற்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு. பெரிய தலைப்பு. ஆனால் இந்த வருடம் அது எமது சங்கத்துக்கும் உரிய விடயமாகிவிட்டது. நூற்றாண்டு நிதியத்துக்காக நாம் பல கம்பனிகளுக்குக் கடிதம் எழுதினோம். சிலர் மனமுவந்து தந்தார்கள். சிலர் ஒரு படிவத்தை அனுப்பினார்கள். அந்தப் படிவங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருந்தது: "பயனாளிகளின் எண்ணிக்கை?" அதை நிரப்ப எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மாணவிகளின் தொகையை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினோம். அனுப்பிய பிறகுதான் எங்களுக்குள் கதை தொடங்கியது. நாங்கள் எழுதியது உண்மையா?

அந்தக் கேள்வி எழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எமது புலமைப்பரிசில் நிதியிலிருந்து மாதாந்த உதவி பெற்ற மாணவி ஒருவர் இருந்தார். பத்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. அவரது பெயரையோ ஊரையோ இங்கே சொல்லமாட்டோம். ஆண்டறிக்கையில் "பயன்பெற்ற மாணவிகள்" என்ற நிரலில் அவரும் ஒருவர். மாதாமாதம் பணம் தவறாமல் போனது. பற்றுச்சீட்டுகள் கோவையில் இருந்தன. கணக்காய்விலும் ஒரு குறை இல்லை. வருட நடுப்பகுதியில் பிள்ளை பாடசாலைக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றே விட்டது. வகுப்பாசிரியையுடன் நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

தாய் மூன்று கடன் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். மூன்றும் வெவ்வேறு நுண்கடன் நிறுவனங்களுடையவை. முதற் கடன் கோழி வளர்ப்புக்காக எடுத்தது. கோழிகள் நோயில் செத்துப்போக, அந்தத் தவணையைக் கட்ட இரண்டாவது கடன். இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. கிழமையில் மூன்று நாள் மூன்று பேர் வசூலிக்க வருவார்கள். பெண்கள் குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நின்ற கடன் என்பதால், ஒருவர் கட்டத் தவறினால் குழுவில் மற்றவர்களும் முற்றத்தில் வந்து நிற்பார்கள். "நீங்கள் தாற காசு வந்த கையோட அவைக்குப் போயிடும் ரீச்சர். சொல்ல வெக்கமாயிருந்தது" என்றார் அந்தத் தாய். மகள் ஒரு கடையில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

அந்த மூன்று புத்தகங்களிலும் ஒரு தவணைகூடப் பிந்தவில்லை. எங்களில் வங்கியில் இருந்தவரை அதுதான் அதிகம் உலுக்கியது. அவரது தொழிலில் ஒழுங்காகக் கட்டப்படும் கடன் நல்ல கடன். அந்த மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இந்தத் தாய் கடன் பெற்று முன்னேறிய பெண்ணாக ஒவ்வொரு தடவை எண்ணப்பட்டிருப்பார். எங்கள் அறிக்கையில் மகள் எண்ணப்பட்டார். ஒரே வீட்டிலிருந்து நான்கு வெற்றிகள் அறிக்கையேறின. பிள்ளை பாடசாலையில் இல்லை. அவரைத் திரும்பக் கொண்டுவர எங்களால் முடியவில்லை.

இனித் தலைப்புக்கு வருகிறோம்.

வணிகம் இல்லாமல் அபிவிருத்தி இல்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. வேலையும் சம்பளமும் வரியும், கடையில் கிடைக்கும் மருந்தும், வீதியில் ஓடும் பேருந்தும் பெரும்பாலும் வணிகத்தின் வழியாகவே வருகின்றன. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல் ஆகியவற்றை மதித்து நடப்போம் எனக் கம்பனிகள் உறுதியளிக்கும் உலகளாவிய உடன்படிக்கை ஒன்றைத் தொடக்கியது. 2015 செப்டெம்பரில் உலக நாடுகள் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 குறியிலக்குகளையும் ஏற்றுக்கொண்டன. அரசாங்கங்களின் பணத்தால் மட்டும் இவற்றை எட்டமுடியாது என்பதால் வணிகத் துறையையும் அந்த ஆவணம் வெளிப்படையாக அழைத்தது. இன்று பெரிய கம்பனிகளின் ஆண்டறிக்கையைத் திறந்தால் அந்த 17 இலக்குகளின் வண்ணச் சதுரங்கள் வரிசையாக இருக்கும்.

இலாபத்தோடு மக்களையும் பூமியையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு 1994இல் பெயர் வைத்தவர் ஜோன் எல்கிங்டன் என்ற ஆங்கிலேயர். "மூன்று அடிக்கோட்டுக் கணக்கு" என்று அதைச் சொல்லலாம். இலாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் ஒரு தொகைக்குப் பதிலாக மூன்று தொகைகள். உலகம் முழுவதும் அந்தச் சொல் பரவியது. 1997இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், கம்பனிகள் தங்கள் சமூக, சுற்றாடல் விளைவுகளை அறிக்கையிடுவதற்கான பொது நியமங்களை வகுக்கும் அமைப்பொன்று தோன்றியது. இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் நியமங்கள் அவை.

ஆனால் 2018இல் அதே எல்கிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். பழுதான வாகனங்களைக் கம்பனி திருப்பி அழைப்பதுபோல, தனது கருத்தைத் தானே திருப்பி அழைப்பதாக அதில் சொன்னார். வணிகம் நடக்கும் முறையையே மாற்ற வேண்டும் என்பதற்காகத் தான் சொன்னது, வெறும் கணக்கெழுதும் கருவியாகச் சுருங்கிவிட்டது என்பது அவரது மனக்குறை. தான் பெற்ற பிள்ளையின் குறையை இருபத்தைந்து வருடத்தின் பின் சபையில் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

கணக்கு எப்படிச் சுருங்குகிறது என்பதை எங்கள் கல்லூரி வாழ்வில் இருந்தே விளக்கலாம். சங்கம் உயர்தர மாணவிகளுக்கு இலவச மேலதிக வகுப்பு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவிட்ட பணம் ஒன்று. நடந்த வகுப்புகளின் தொகை ஒன்று. வந்த மாணவிகளின் தொகை ஒன்று. இவை மூன்றும் வரவு இடாப்பிலிருந்தே கிடைக்கும். பிள்ளைகளுக்கு விளங்காத பாடம் விளங்கியதா என்பது அடுத்த படி. அதைப் பிள்ளைகளைச் சோதித்தே அறியவேண்டும். அதற்கும் அப்பால் இன்னொரு படி உண்டு: இந்த வகுப்பு நடக்காதிருந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன பெறுபேறு எடுத்திருப்பார்கள்? வேறு தனியார் வகுப்புக்குப் போய் அதே பெறுபேற்றை எடுத்திருக்கக்கூடியவர்களை எங்கள் கணக்கில் சேர்க்கலாமா? முதல் மூன்றும் இலகு. அதனால் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறோம். சமூகப் பயன் என்று சொல்லத்தக்கது கடைசி இரண்டில்தான் இருக்கிறது.

நுண்கடனின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். 1976இல் பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தன் பையிலிருந்து 856 டாக்கா கடன் கொடுத்தார். அன்றைய பெறுமதியில் 27 அமெரிக்க டொலர். கந்துவட்டிக்காரரிடமிருந்து அவர்களை விடுவிப்பதே நோக்கம். 1983இல் அது கிராமீன் வங்கியானது. 2006இல் வங்கிக்கும் அவருக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஏழைப் பெண்கள் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்பதை உலகுக்குக் காட்டியது அந்த முயற்சியின் பெரிய சாதனை. எங்களைப் போன்ற வங்கிக்காரருக்கு அது ஒரு பாடம்.

ஆனால் திருப்பிக் கட்டும் வீதமே வெற்றியின் அளவுகோலாக மாறியபோது நிலைமை கெட்டது. கிராமீன் வழியைப் பார்த்து இலாபத்துக்காகவும் பல நிறுவனங்கள் வந்தன. இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்தன. 2010 ஓகஸ்டில் அங்கு இயங்கிய மிகப் பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் பங்குகளை விற்றுப் பெருந்தொகை திரட்டியது. இரண்டு மாதங்களில், கடன் நெருக்குதலால் தற்கொலைகள் நடக்கின்றன என்ற செய்திகளுக்கு நடுவே, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூலிப்பைக் கட்டுப்படுத்தியது. அதுவரை அறிக்கைகளில் திருப்பிக் கட்டும் வீதம் மிக உயர்வாகவே இருந்தது.

உண்மையில் அந்தக் கடன்கள் என்ன செய்தன என்பதை அறிய ஐதராபாத் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் செய்த அந்த ஆய்வில் 104 குடியிருப்புகள் எடுக்கப்பட்டு, திருவுளச்சீட்டு முறையில் பாதியில் மட்டும் நுண்கடன் கிளைகள் முதலில் திறக்கப்பட்டன. மற்றப் பாதி, "கடன் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்" என்ற கேள்விக்கு விடையானது. 2015இல் வெளியான முடிவுகள் இரண்டு பக்கத்தாரையும் ஏமாற்றின. ஏற்கெனவே சிறுதொழில் வைத்திருந்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள். ஆனால் சராசரிக் குடும்பத்தின் செலவு மட்டம் உயரவில்லை. பிள்ளைகளின் கல்வியிலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பொஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே காலத்தில் வெளிவந்து ஏறத்தாழ இதையே சொன்னன. நுண்கடன் சிலருக்குக் கைகொடுக்கும், எல்லோரையும் வறுமையிலிருந்து மீட்காது.

எமது நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஒரு பரிசோதனை நடந்தது. 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறு தொழில் செய்வோரைத் தெரிந்து, அவர்களில் சிலருக்குத் திருவுளச்சீட்டு முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா நன்கொடை கொடுத்தார்கள். கடனல்ல, நன்கொடை. ஆண்கள் நடத்திய தொழில்களில் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாகக் கூடவில்லை. "பெண்களுக்குத் தொழில் நடத்தத் தெரியாது" என்று யாரும் இலகுவில் சொல்லியிருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் இந்தத் தரவுகளோடு இந்தியா, கானா நாடுகளின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது வேறொரு விடயம் தெரிந்தது. பெண்ணுக்குக் கிடைத்த பணம் வீட்டிலிருந்த இன்னொருவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் ஒருவரே என்றால், அவரது இலாபமும் ஆண்களுடையதைப் போலவே கூடியிருந்தது. பெண்ணின் கடையை மட்டும் அளந்தால் தோல்வி. வீட்டையும் அளந்தால் வேறு கதை. எங்கே நின்று அளக்கிறோம் என்பதில் ஒரு பெண்ணைப் பற்றிய தீர்ப்பே மாறிவிடுகிறது.

இலங்கையில் நுண்கடன் படுத்திய பாட்டை இந்தச் சபைக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. யுத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் தவணைப் பணத்துக்காகச் சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் வந்தவர்களை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்று, கட்டமுடியாமல் போன ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. அதே வருடம் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணரும் வசூலிப்போரின் துன்புறுத்தல் பற்றிக் கவலை வெளியிட்டார். அரசாங்கம் தலையிடும் அளவுக்கு வந்த ஒரு பாதிப்பு, அதற்கு முந்திய வருடங்களின் சமூகப் பயன் அறிக்கைகளில் எந்தப் பக்கத்தில் இருந்தது?

இனி எங்களில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவரின் அனுபவம். வெளிநாட்டுக் கொள்வனவாளரின் சார்பில் கணக்காய்வு வரும் நாள் முன்கூட்டியே தெரியும். முதல் நாள் கழிவறைகளில் புதுச் சவர்க்காரம் வைக்கப்படும். அவசர வழிக்கு முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகள் அகற்றப்படும். பிள்ளைகளுக்கு, அதாவது எங்கள் தங்கைமார் வயதுப் பெண்களுக்கு, என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுப்பார். கணக்காய்வாளர் போனபின் பெட்டிகள் திரும்பிவந்துவிடும். அன்று நாங்களும் பேசாமல் இருந்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அந்த மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகில் இரண்டு சாட்சிகள் உண்டு. 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் யன்னல்களில் கம்பிகளும், பூட்டிய கதவுகளும் இருந்தபடியால்தான் இத்தனை பேர் வெளியேற முடியாமல் போனார்கள். தொழிலாளர் நலனுக்கான சர்வதேச நற்சான்றிதழ் ஒன்று அந்தத் தொழிற்சாலைக்குச் சில கிழமைகளுக்கு முன்தான் வழங்கப்பட்டிருந்தது. அடுத்தது ரணா பிளாசா. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்கு அண்மையில் சாவார் என்ற இடத்தில் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளம் பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு தெரிந்தது. கீழ் மாடியிலிருந்த வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் பிள்ளைகளை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளிலும் கணக்காய்வுகள் நடந்திருந்தன.

அதன் பின் நடந்தது எங்களுக்கு நம்பிக்கை தருகிறது. அந்த வருடம் மே மாதத்தில் உலகின் பெரிய ஆடைக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் தீ, கட்டடப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. 200க்கும் அதிகமான கம்பனிகள் அதில் சேர்ந்தன. சட்டத்தால் கட்டுப்படுத்தக்கூடிய உடன்படிக்கை அது. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியியலாளர்கள் பரிசோதித்தார்கள். குறைகள் தொழிற்சாலையின் பெயரோடு பகிரங்கமாக வெளியிடப்பட்டன. ஆபத்து என்று கண்டால் தொழிலாளர் நேரடியாக முறையிடவும் வழி செய்யப்பட்டது. அறிக்கை யாருக்கும் தெரியாத கோவையில் கிடக்காமல், ஆபத்தில் இருப்பவரின் கைக்கே போனது. அளவிடுதல் உயிர் காக்கும் என்றால் இப்படித்தான்.

இன்னும் இரண்டு நல்ல உதாரணங்கள். ஒன்று கென்யாவின் எம்-பெசா. 2007இல் ஒரு தொலைபேசிக் கம்பனி தொடக்கிய சேவை அது. வங்கிக் கணக்கில்லாதவரும் கைத்தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பலாம், பெறலாம், சேமிக்கலாம். நன்கொடை அல்ல, வியாபாரம். ஆனால் 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, அது ஏறத்தாழ 194,000 குடும்பங்களை, அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதத்தை, வறுமையிலிருந்து வெளியே கொண்டுவந்ததாக மதிப்பிட்டது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பயன் கூடுதலாக இருந்தது. பல பெண்கள் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்த நிலையிலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள். ஒரு கம்பனியின் பெரிய சமூகப் பயன் அதன் அன்றாட வியாபாரத்துக்குள்ளேயே இருக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

மற்றது டொம்ஸ் என்ற அமெரிக்கச் சப்பாத்துக் கம்பனி. 2006இல் தொடங்கியது. ஒரு சோடி விற்றால் ஏழைப் பிள்ளை ஒருவருக்கு ஒரு சோடி இலவசம். உலகமே பாராட்டியது. அந்தக் கம்பனி வெளி ஆய்வாளர்களை அழைத்து எல் சல்வடோர் நாட்டுக் கிராமங்களில் தன் வேலையைச் சோதிக்கச் சொன்னது. பிள்ளைகள் சப்பாத்தை விரும்பி அணிந்தார்கள். ஆனால் உடல்நலத்திலோ பாடசாலை வரவிலோ பெரிய மாற்றம் இல்லை. எங்கள் தேவைகளைப் பிறரே தீர்க்கவேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள், சப்பாத்து கிடைத்தவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள். இந்த முடிவை மறைக்க விடவில்லை, பகிரங்கமாக வெளியிட்டார்கள். பிற்காலத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற முறையையே கம்பனி கைவிட்டு, இலாபத்தில் ஒரு பங்கை உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்கும் முறைக்கு மாறியது. தனக்குப் பேர் வாங்கித் தந்த வேலையையே சோதிக்க விடுவது இலகுவான காரியமல்ல.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுக்கு வணிகக் கல்வி கற்பித்த ஆசிரியை முதல் வாரத்தில் சொல்லித் தந்தது இரட்டைப் பதிவு. எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஐந்தொகை சமப்படாது. சமூகப் பயன் அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் எழுதப்படுகிறது. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது இருக்கும். அதனால் எவருக்காவது தீங்கு வந்ததா, தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளம் அவர் வாழப் போதுமா, சிறு வழங்குநருக்குப் பணம் எத்தனை மாதம் பிந்துகிறது என்பன இரா. இரண்டு பக்கமும் எழுதாத கணக்கை எந்தக் கணக்காய்வாளரும் ஒப்பமிடக் கூடாது.

கம்பனிகளுக்குச் சொல்லிவிட்டு நாம் தப்பிப்போகவும் முடியாது. ஆகவே நூற்றாண்டு நிதியத்துக்காக நாங்கள் நான்கு ஆலோசனைகளை இந்தச் சபையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, உதவி பெறும் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் ஒரு வருடத்தின் பின் ஒரு வரி எழுதவேண்டும்: அவருக்கு என்ன மாறியது? மாறவில்லை என்றால் அதையும் எழுதவேண்டும். இதற்கு வரவு இடாப்பைப் பார்ப்பதே நல்ல தொடக்கம். அந்தப் பிள்ளையின் வரவு குறையத் தொடங்கிய மாதத்திலேயே நாங்கள் போயிருந்தால், மூன்றாவது கடன் புத்தகம் வருமுன்பாவது தாயோடு பேசியிருக்கலாம்.

இரண்டாவது, பணம் கொடுப்பவரே போய் "பிரயோசனமா?" என்று கேட்கக் கூடாது. பணம் தருபவரிடம் யார் "இல்லை" என்பார்கள்? நிதியத்தோடு தொடர்பில்லாத பழைய மாணவி ஒருவர் தனியாகப் பேசவேண்டும். வீட்டில் கடன் உண்டா என்று கேட்கவேண்டும். அந்தத் தகவலை யாருக்கும் சொல்லக் கூடாது.

மூன்றாவது, ஆண்டறிக்கையில் "சரிவராதவை" என்ற தலைப்பில் ஒரு பக்கம் வேண்டும். எவருடைய பெயரும் வேண்டாம். என்ன செய்தோம், ஏன் சரிவரவில்லை, அடுத்த வருடம் என்ன மாற்றுவோம் என்பது போதும்.

நான்காவது, எங்களுக்கு உதவும் கம்பனிகளிடம் நன்றியோடு ஒரு கேள்வியை நாமும் கேட்கலாம். பயனாளிகளின் எண்ணிக்கையை அவர்கள் கேட்பதுபோல, உங்கள் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் மேற்பார்வையாளர் பற்றிப் பயமில்லாமல் முறையிட இடமிருக்கிறதா என்று கேட்கலாம். இன்று அந்தக் கம்பனிகளில் சமூகப் பொறுப்புப் பிரிவில் வேலை செய்யும் தங்கைமார் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தப் படிவங்களை வரைபவர்கள் நீங்கள். படிவத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க உங்கள் கையால் முடியும்.

நாங்கள் நிரப்பி அனுப்பிய படிவங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுதிய எண்ணிக்கை எப்படி வந்தது என்பதை விளக்கி அந்தக் கம்பனிகளுக்குத் திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறோம். உண்மையில் எத்தனை பேருக்கு என்ன மாறியது என்பதை ஒரு வருடத்தின் பின் அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறோம். இதனால் உதவி குறையுமோ என்று பொருளாளர் கவலைப்பட்டார். குறையலாம். குறைந்தாலும், இன்னொரு பிள்ளையை நாங்கள் எண்ணிக்கைக்குள் வைத்துக்கொண்டே இழக்க விரும்பவில்லை.

இந்தக் கல்லூரி நூறு வருடமாகப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கல்லூரி. காலையில் இடாப்பு வாசிக்கும்போது ஒருவர் குரல் கேட்காவிட்டால் ஆசிரியை தலைநிமிர்ந்து பார்ப்பார். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்பார். நிதியத்தின் கணக்கையும் அப்படியே எழுதுவோம் என்று இந்தச் சபையைக் கேட்டு அமர்கிறோம்.